ஒரே இடத்தில் இரண்டு புள்ளிகள்

அந்த அலுவலகத்தில் அக்காவையும் தங்கையையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவள், சின்னவள், அவ்வளவுதான். பெரியவளுக்கு அதிலேயே எரிச்சல் ஆரம்பம். தங்கை வந்து சேரும்வரை அவள் வெறும் 'மேடம்'. சின்னவள் வேலைக்கு வந்த மறுநாளே எல்லோரும் "பெரியவங்க எங்கே?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரே ராத்திரியில் பத்து வயசு ஏறிப்போன மாதிரி இருந்தது அவளுக்கு. அந்தப் பழியையும் தங்கை தலையிலேயே போட்டாள்.

வேலை என்னவென்று சொல்லாவிட்டால் கதை நொண்டும். உலகத்தில் எந்தக் கடலில் புயல் பிறந்தாலும் அது சாகும்வரை பின்னாலேயே கண்ணை ஓட்டுவதுதான் அங்கே பிழைப்பு. மாடிக் கட்டடம். கீழே பல் டாக்டர், மேலே புயல். கப்பல்காரர்கள் சந்தா கட்டி, எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் கூடாது என்று கேட்டுக்கொள்வார்கள். எல்லாம் பகல் வேலைதான். ஆனால் இங்கே மதியம் என்றால் உலகத்தின் அந்தப் பக்கத்துக் கடலில் நடுராத்திரி. இங்கே சாயங்கால டீ வரும் நேரத்துக்கு அங்கே பொழுது விடியும். வீட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு இதை எத்தனை தரம் சொன்னாலும் புரியாது. "பகல்ல போய் ராத்திரியப் பார்த்துட்டு வர்றாளுங்க" என்று அக்கம்பக்கத்தில் பெருமையடிப்பாள்.

ஒவ்வொரு செயற்கைக்கோள் படம் வந்ததும் இரண்டு பேர், புயலின் மையம் இங்கே என்று திரையில் ஆளுக்கொரு புள்ளி வைக்க வேண்டும். ஒருவர் வைத்ததை ஒருவர் பார்க்கக் கூடாது. அதற்கென்றே நடுவில் பலகைத் தடுப்பு. இரண்டு புள்ளியும் மேற்பார்வையாளரிடம் போகும். அவர் இரண்டுக்கும் நடுவில் மையத்தை வைத்து, சுற்றி ஒரு வட்டம் போடுவார். புள்ளிகள் தள்ளித் தள்ளி இருந்தால் சந்தேகம் அதிகம், பெரிய வட்டம். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சின்ன வட்டம். கப்பல்கள் வட்டத்துக்கு வெளியே ஒதுங்கிப் போகும். எதைக் கேட்டாலும் கூட்டி, இரண்டால் வகுத்தே பதில் சொல்வதால் அவருக்கு 'சராசரி சார்' என்று பேர். "டீயா, காபியா சார்?" என்று கேட்டால்கூட "ரெண்டும் பாதிப் பாதி" என்பார். அதை மூஞ்சி சுளிக்காமல் குடித்தும்விடுவார், அதுதான் கொடுமை.

புயல் செத்த பிறகு, கப்பல்கள் சொன்னது, மிதவைகள் சொன்னது எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, அது நிஜமாக எந்த வழியில் போனது என்று நிதானமாக வரைவார்கள். அந்த வழியிலிருந்து உன் புள்ளி எவ்வளவு தூரம் தள்ளியிருந்ததோ அதற்கு விலகல் என்று பேர். சுவரில் ஒரு பலகை மாட்டி அதில் எழுதிப் போடுவார்கள். பருவத்தின் முடிவில் யாருக்கு விலகல் குறைவோ அவர்களுக்குத்தான் கேப்டன்களோடு பேசும் தொலைபேசி.

அந்தத் தொலைபேசி பல பருவமாகப் பெரியவள் கையில்தான் இருந்தது. அவளுக்கு அதுதான் உயிர். வீட்டில் யார் அவள் பேச்சைக் கேட்டார்கள்? கணவர் நல்ல மனுஷர், ஆனால் காது மந்தம். பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கும், கேட்கமாட்டான். நடுக்கடலில் மரக்கட்டை ஏற்றிப் போகும் ஒரு முரட்டுக் கேப்டன் மட்டும், அவள் முகத்தைக்கூடப் பார்க்காதவர், "பெரியவங்க சொன்னா சரி" என்று சுக்கானைத் திருப்புவார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் எந்த மழையிலும் நனைந்துகொண்டு வேலைக்கு வருவாள்.

இப்போது அந்தத் தொலைபேசிக்குத்தான் ஆபத்து. சின்னவள் முதல் பருவத்தில் அக்காவுக்குச் சற்றுப் பின்னால் வந்தாள். அடுத்த பருவத்தில் மூச்சு முதுகில் படுகிற அளவுக்கு நெருங்கினாள். இந்தப் பருவம் பாதி தாண்டியபோது பலகையில் மேலே சின்னவள், கீழே பெரியவள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அக்கா தங்கைக்குச் சொல்லவா வேண்டும்? பெரியவளுக்கு வயிறு எரிந்தது. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நெஞ்சுக்குக் கீழே எரிந்து, மாத்திரை போட்டுக்கொண்டாள்.

பொறாமைக்குப் பழைய வேர் உண்டு. சின்ன வயசில் புதுச் சட்டை சின்னவளுக்கு, "நீ பெரியவதானே, விட்டுக்கொடு" பெரியவளுக்கு. படிக்க வைத்ததும் சின்னவளைத்தான் கூடுதலாக. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மழை வருமா, துணி காயப்போடலாமா என்று அம்மா தினமும் போன் போட்டுக் கேட்பாள் பாருங்கள், அதையும் சின்னவளிடம்தான் கேட்பாள். இந்தத் தொழிலில் தலை நரைத்தவள் பெரியவள். உலகத்துக் கடலையெல்லாம் கட்டி மேய்க்கிறவள். பெற்றவளுக்கு ஒரு கொடித் துணிக்கு அவள் வாக்கு போதவில்லை.

அந்த அறையின் மூலையில் பழைய வரைபடங்கள் வைக்கிற கண்ணாடிக் கதவு அலமாரி ஒன்று உண்டு. படம் தெளிவாகத் தெரிவதற்காக அறையில் விளக்கைக் குறைத்தே வைத்திருப்பார்கள். ஒருநாள் சோம்பல் முறிக்கத் திரும்பியபோது அந்தக் கண்ணாடியில் தடுப்புக்கு அந்தப் பக்கத்துத் திரை பளிச்சென்று விழுந்திருப்பதைப் பெரியவள் பார்த்தாள். இடம் வலமாக மாறித்தான் தெரிந்தது. கிழக்கு மேற்காகவும் மேற்கு கிழக்காகவும் இருந்தது. ஆனால் கடல்களைக் கரைத்துக் குடித்தவளுக்குத் திருப்பிப் படிக்க எத்தனை நேரமாகும்? தங்கையின் புள்ளி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

முதல் நாள் கண்ணாடியைப் பார்க்கும் முன் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்தானே. பின்னால் சராசரி சார் செருமினால்கூடத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் பழகிவிட்டது. தன் புள்ளியை வைப்பாள், அனுப்பாமல் காத்திருப்பாள், கண்ணாடியைப் பார்ப்பாள், தங்கை பக்கமாகக் கொஞ்சம் நகர்த்துவாள், அனுப்புவாள். பலகையில் விலகல் குறைந்தது. எரிச்சல் மட்டும் குறையவே இல்லை. களவாடித் தின்றால் வயிறு நிறையுமா?

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் புயல் வந்தது.

உலகத்தின் அந்தப் பக்கத்துக் கடல், அங்கே நடுராத்திரி. இருட்டில் சூரிய வெளிச்சத்துப் படம் கிடையாது. சூடு எது, குளிர் எது என்று பார்த்து எடுக்கும் படம் மட்டும்தான். உயரத்து மேகம் ரொம்பக் குளிர்ந்தது, அதனால் வெள்ளை வெளேரென்று தெரியும். கடலை ஒட்டித் தாழ்வாகச் சுழலும் மேகம் கிட்டத்தட்டக் கடலளவு சூடு, அதனால் கடலோடு கரைந்து கண்ணுக்கே தெரியாது. அன்றைய படத்தில் வெள்ளை மேகம் சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக, அழகாக இருந்தது. யாரானாலும் நடுவில்தான் புள்ளி வைப்பார்கள்.

பெரியவள் வைக்கவில்லை. அங்கே இருட்டுவதற்கு முன் வந்த கடைசிப் படத்தில் சுழலின் கிழக்கு ஓரம் மேகத்தை விட்டுப் பிரிந்து கழன்ற மாதிரி இருந்தது அவள் நினைவில் இருந்தது. மேல்காற்று கிழக்கிலிருந்து பலமாக வீசிக்கொண்டிருந்தது. தொப்பியைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டால் தலையும் கூடவே போய்விடுமா? வெள்ளை மேகம் மேற்கே தள்ளப்பட்டிருக்கும், சுழலின் மையம் பின்தங்கிக் கிழக்கே வெட்டவெளியில் கிடக்கும் என்று அவள் மனசு சொன்னது. வெள்ளைக்கு வெளியே, ஒன்றுமே தெரியாத வெறும் கருப்பில் புள்ளியை வைத்தாள். மேகத்தைத் துளைத்துப் பார்க்கிற செயற்கைக்கோள் வேறொன்று உண்டு. அது அன்றைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது.

"சொல்லும்மா. ஆமா, வெயில் அடிக்கும். போர்வையும் போடு, காஞ்சிரும்." சின்னவள் சிரித்தாள். "அவளா? வேலையா இருக்கா. சரி, சொல்றேன்."

என்ன சொல்கிறாளாம் எனக்கு? பெரியவளுக்குத் தலைக்கேறியது. திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். தங்கையின் புள்ளி வெள்ளைத் தட்டின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. அம்மாவோடு அரட்டை அடித்துக்கொண்டே வைத்திருக்கிறாள், மகராசி. அத்தனை நிச்சயம். எப்போதும் சரியாக வைக்கிறவளாச்சே. தான் மட்டும் போய்க் கருப்பில் வைத்து, நாளைக்கு அது தப்பாகிவிட்டால் பலகையில் நூற்றைம்பது கிலோமீட்டர் என்று விழும். அதோடு பருவம் முடிந்தது, தொலைபேசி போச்சு. சின்னவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேப்டனிடம் சிரித்துப் பேசுவதை நினைத்துப் பார்த்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

புள்ளியை இழுத்து வெள்ளைக்குள் வைத்து அனுப்பினாள்.

சராசரி சாருக்குத் தலைகால் புரியவில்லை. "ரெண்டு பேரும் தனித்தனியாப் பார்த்து ஒரே இடம். நடுவுல என் நகம்கூடப் போகாது" என்று அறை முழுக்கக் காட்டினார். வட்டத்தைச் சின்னதாகப் போட்டார். அவர் அவ்வளவு சின்ன வட்டம் போட்டு யாரும் பார்த்ததில்லை.

மரக்கப்பல் கேப்டன் லைனில் வந்தார். "சுத்திப் போகவா, நேரா போகவா? சுத்தினா ஒரு நாள் போயிடும், முதலாளி கத்துவான்."

"வட்டம் சின்னதுதான் கேப்டன்" என்றாள் பெரியவள். திரையில் கிழக்கே இருந்த கருப்பை ஒருமுறை பார்த்தாள். "கிழக்குப் பக்கமா நேரா போகலாம்."

"பெரியவங்க சொன்னா சரி."

சாயங்காலம் டீ வந்தது. அங்கே விடிந்தது. முதல் வெளிச்சத்துப் படம் திரையில் இறங்கியபோது பெரியவள் டம்ளரை வாயருகே வைத்திருந்தாள், குடிக்கவில்லை. வெள்ளை மேகம் மேற்கே ஒரு பக்கமாகக் கிடந்தது. கிழக்கே, அவள் முதலில் புள்ளி வைத்த அதே கருப்பில், துணியில்லாத பிள்ளை மாதிரி, புயலின் சுழல் வெட்டவெளியில் சுற்றிக்கொண்டிருந்தது. கப்பல் அதன் ஓரத்தில் இருந்தது.

உயிர்ச்சேதம் இல்லை, அது யார் செய்த புண்ணியமோ. மேல்தளத்தில் கட்டியிருந்த மரக்கட்டைகள் அறுத்துக்கொண்டு உருண்டன. பாதிச் சரக்கு கடலுக்குள் போனது. ஒரு மாலுமியின் கால் நசுங்கிவிட்டது. மறுநாள் மதியம் கேப்டன் கூப்பிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று பெரியவள் பிறகு பல தடவை நினைத்துக்கொண்டாள். அவர் திட்டவில்லை.

"புயல் விஷயம், தப்பத்தான் செய்யும், தெரியும்" என்றார். "ஒருத்தர் சொன்னதா இருந்தா நான் சுத்தித்தான் போயிருப்பேன். வட்டம் சின்னதுன்னா ரெண்டு பேர் தனித்தனியாப் பார்த்து ஒரே இடத்தைச் சொல்லியிருக்கீங்கன்னு அர்த்தம். அதுக்கு மேல என்ன வேணும்னு நம்பிட்டேன்."

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி, கத்தவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டம்ளர் கழுவுகிற இடத்தில் சின்னவள் நின்றிருந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, கழுவாமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. அந்த நிலைமையிலும் பெரியவளுக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"போன் பேசிக்கிட்டே புள்ளி வைப்பியா நீ? ஒரு ஆளோட கால் போச்சு."

"நான் மட்டுமா வச்சேன்?" சின்னவள் திரும்பினாள். "நீயும்தானே அங்கேயே வச்ச. நீ அங்க வச்சிருந்ததாலதானே நான் நகர்த்தாம விட்டேன்."

தவளை தன் வாயால் கெடும். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. பெரியவள் குழாயை மூடினாள்.

"நான் எங்க வச்சேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சின்னவளின் கண் அறைக்குள் இருந்த அலமாரிப் பக்கம் போனது. கண்ணாடிக்கு ஓரவஞ்சனை கிடையாதே. இந்தப் பக்கத்துக்குக் காட்டினால் அந்தப் பக்கத்துக்கும் காட்டத்தானே செய்யும். இத்தனை நாளில் அது பெரியவளுக்குத் தோன்றவே இல்லை. பொறாமை அவள் கண்ணை அப்படி மறைத்திருந்தது.

"எப்போலேர்ந்து?"

"வந்த புதுசுலேர்ந்து." சின்னவள் குரல் உள்ளே போய்விட்டது. "நீ எப்பவும் எனக்கு முன்னாடியே வச்சிடுவ. அதைப் பார்ப்பேன். உன்னுதுக்கும் என்னுதுக்கும் நடுவுல வைப்பேன். உன் கண்ணு எனக்கு வராதுக்கா. எத்தனை படிச்சும் வரலை. அன்னிக்கு அம்மா போன் வந்துதுன்னு சும்மா நடுவுல ஒண்ணைத் தட்டிட்டு, உன்னுதைப் பார்த்துட்டு நகர்த்தலாம்னு விட்டுவச்சேன். பார்த்தா நீயும் நடுவுல வச்சிருந்த. அக்காவே வச்சிருக்கா, அப்புறம் என்னன்னு அனுப்பிட்டேன்."

பெரியவள் டம்ளர் வைக்கிற மேடையில் சாய்ந்துகொண்டாள். பலகையில் தனக்கு மேலே உட்கார்ந்திருந்த தங்கையின் விலகலில் பாதி தன்னுடையது. இத்தனை பருவமாக எதைப் பார்த்து வயிறு எரிந்தாளோ, மாத்திரை போட்டாளோ, அது தன் சொந்தக் கைப்புள்ளி. தன் கண்ணைத் தானே நம்பாமல், அது வேறொருத்தி முகத்தில் இருக்கிறது என்று நினைத்து அதன் பின்னால் ஓடியிருக்கிறாள். அன்றைக்கு அந்த வெள்ளைத் தட்டின் நடுவில் யாருமே தானாகப் பார்த்துப் புள்ளி வைக்கவில்லை. இவளைப் பார்த்து அவள், அவளைப் பார்த்து இவள். அதை நம்பித்தான் ஒரு மனுஷன் கப்பலை ஓட்டிக்கொண்டு போனான்.

"நான் வெளியிலதான் வச்சேன்" என்றாள். "உன்னுதைப் பார்த்துட்டு உள்ள இழுத்தேன்."

சின்னவள் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். "நீயா? நீ எதுக்கு என்னுதைப் பார்க்கணும்?"

தங்கையின் முகத்தில் இருந்தது நிஜமான ஆச்சரியம். அதுதான் பெரியவளை இன்னும் சுட்டது.

இருவரும் சேர்ந்தே போய்ச் சராசரி சாரிடம் சொன்னார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "அப்ப இத்தனை நாளா ஒண்ணையே ரெண்டா நினைச்சு வகுத்துக்கிட்டிருந்தேனா?" என்றார். மனுஷர் அன்றைக்கு டீயும் குடிக்கவில்லை, காபியும் குடிக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். பருவத்தின் விலகல் முழுவதும் பலகையிலிருந்து அழிக்கப்பட்டது. சம்பள உயர்வு இருவருக்கும் நின்றது. தொலைபேசியை அவரே தன் மேசைக்கு எடுத்துக்கொண்டார். அலமாரிக் கதவில் பழுப்புக் காகிதம் ஒட்டியது மட்டும் பெரியவள், யாரும் சொல்லாமலே.

அடுத்த புயல் வேறொரு கடலில் பிறந்தது. மறுபடி இருட்டுப் படம், மறுபடி உருண்டையான வெள்ளை. பழக்கதோஷத்தில் பெரியவளின் கழுத்து தானாகத் திரும்பியது, எதிரே பழுப்புக் காகிதம். தனியாக இருப்பது இவ்வளவு பயமாக இருக்கும் என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது. வெகுநேரம் பார்த்தாள். இந்தத் தடவையும் மையம் வெள்ளைக்கு வெளியேதான், கிழக்கேதான் என்று தோன்றியது. வைத்தாள், அனுப்பினாள்.

சின்னவள் வெள்ளையின் மேற்கு விளிம்பை ஒட்டி வைத்திருந்தாள். இரண்டு புள்ளிக்கும் நடுவே ஒரு சின்ன தேசத்தையே இறக்கி வைக்கலாம். சராசரி சார் பெருமூச்சு விட்டுக்கொண்டே திரையை அடைக்கிற மாதிரி வட்டம் போட்டார். அதே மரக்கப்பல் கேப்டன், புதுச் சரக்கோடு, ஒரு நாள் போகிறதே என்று முனகிக்கொண்டே முழு வட்டத்தையும் சுற்றிப் போனார்.

விடிந்ததும் படம் வந்தது. மையம் மேற்கு விளிம்பில் இருந்தது. சின்னவள் வைத்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை தூரம்கூட இல்லை. பெரியவள் எங்கேயோ கிடந்தாள்.

யாருடைய கண்ணையும் கடன் வாங்காமல், தானாகப் பார்த்து வைத்த புள்ளி. பெரியவளுக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது. இத்தனை வருஷம் எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி எரிந்தது. இந்தத் தடவை தங்கையிடம் நிஜமாகவே ஒன்று இருந்தது, அது இவளிடம் இல்லை. சராசரி சார் தொலைபேசியைத் தூக்கிச் சின்னவள் மேசையில் வைத்து, "நீயே கேப்டன்கிட்டச் சொல்லும்மா" என்றார்.

"பெரியவங்களா?" என்று அந்தப் பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"இல்லை, சின்னவ பேசுறேன்."

"சரி, சொல்லுங்க" என்றார் கேப்டன். பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு தன் திரையையே பார்த்தாள்.

அப்போது அவளுடைய கைப்பேசி அடித்தது. அம்மா.

"சின்னவ போனை எடுக்கலை, அதான் உனக்குப் போட்டேன்" என்றாள் அம்மா, ஒளிவுமறைவில்லாமல். "நாளைக்குப் போர்வையெல்லாம் துவைக்கலாம்னு இருக்கேன். மழை வருமா?"

பெரியவள் ஜன்னலைப் பார்த்தாள். எழுந்து போய் வெளியே எட்டி, மேற்கே குவிந்திருந்த மேகத்தையும் பல் டாக்டர் வீட்டுக் கொடியில் ஆடுகிற துணியையும் பார்த்தாள். நிதானமாக யோசித்தாள்.

"வரும்மா. துவைக்காத."

"நிச்சயமாவா? சின்னவளையும் ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?"

எரிந்தது. விழுங்கிக்கொண்டாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் தங்கை கேப்டனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"கேளும்மா, கட்டாயம் கேளு" என்றாள் பெரியவள், குரலைத் தாழ்த்தி. "நான் என்ன சொன்னேன்னு மட்டும் அவகிட்டச் சொல்லிடாத."